தொட்டி மண்ணில் ஒரு பசும்போர்வை



யானைக்கவுனி என்ற பெயரைக் கேட்டவுடன், வடசென்னையை அறியாதவர்கள் அங்கே யானைகள் கட்டப்பட்டிருக்கும் என்று எண்ணக்கூடும். இன்று அங்கே வரிசையாக நிற்பவை சரக்கு வண்டிகளே. பதினெட்டாம் நூற்றாண்டில் பழைய நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. அம்மதிலின் மேற்குப் பக்கத்து வாயில்களுள் ஒன்று யானையின் பெயரைப் பெற்றது. கவுனி என்பது வாயிலைக் குறிக்கும் சொல். மதில் மறைந்தது, வாயிலும் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. மதிலின் பொருட்டு எண்ணப்பட்ட வரியின் பெயரை வால்டாக்ஸ் சாலை இன்றும் சுமந்து நிற்கிறது.

இப்பகுதியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. மண்தரை என்பது பலருக்குக் கிட்டாத செல்வம். ஆகவே எங்களுக்குத் தொட்டியே தோட்டம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனாகிய நானும் முற்றத்துக் குழாயடியில் இருபது தொட்டிகளை வைத்து வளர்த்து வருகிறேன். அத்தொட்டிகளில் அழையாமல் வந்து குடியேறிய ஒரு சிறு தாவரத்தைப் பற்றியும், அதனை அடக்கும் வழியைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உதகமண்டலத்திலிருந்து வந்த உறவினர் எனக்கு இரண்டு தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். அழகிய பெகோனியாச் செடிகள். மண்ணின் மேல் ஓரிரண்டு இடங்களில் பச்சை நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. பாசிதானே என்று விட்டுவிட்டேன். அது கார்த்திகை மாதம். மழை விட்டும் ஈரம் விடாத காலம். மார்கழி முடிவதற்குள் அப்பச்சை, தொட்டியின் வாய் முழுவதும் தோல் போர்த்தியதுபோல் மூடிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே ஓடி விளிம்பில் வழிந்தது. செடியின் இலைகள் வெளிறின.

அப்பொழுது நான் மூன்று காரியங்களைச் செய்தேன். கரண்டியால் அப்பச்சையைச் சுரண்டிக் கொத்திக் கிளறினேன். செடிக்குச் சத்துப் போதவில்லை என்று கருதி மண்ணின் மேல் உரத்தைத் தூவினேன். உரம் கரையட்டும் என்று குழாயில் இரப்பர்க் குழலை மாட்டி, எல்லாத் தொட்டிகளுக்கும் வேகமாக நீர் பாய்ச்சினேன். மூன்றும் நல்லெண்ணத்தோடு செய்தவை. விளைவு யாதெனின், இரண்டு தொட்டிகளில் இருந்த பச்சை, தை மாத இறுதிக்குள் பதினொரு தொட்டிகளுக்குப் பரவிவிட்டது.

இந்நிலையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். அவர் இப்பொழுது மாதவரம் பக்கத்தில் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றை நடத்துகிறார். தொட்டியைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பிறகு சிறிது தயங்கி, "ஐயா, இது பாசி இல்லை. நீங்கள் எங்களைப் படம் வரையச் சொல்வீர்களே, மார்கான்ஷியா, அதுதான் இது. கிண்ணம்கூட இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாவரத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்தவன் நான். ஃபார்மலின் புட்டியில் வெளுத்துக் கிடந்த மாதிரியைக் காட்டித் தேர்வுக்கு ஆயத்தம் செய்தவன் நான். அதே தாவரம் உயிரோடு என் முற்றத்தில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரியாததால் தவறான மருத்துவம் செய்தேன். ஆகவே முதலில் அதனை அறிந்துகொள்வோம். பின்னரே அதனை அடக்கும் வழியைக் காண்போம்.

நம் பேச்சு வழக்கில், ஈரத்தில் பச்சையாகப் படர்வன அனைத்தும் பாசியே. ஆனால் தாவர இயலார் இவற்றை வேறுவேறாகப் பிரிப்பர். குளத்து நீரில் மிதப்பதும், குளியலறைத் தரையில் வழுக்குவதும் பெரும்பாலும் பாசி எனப்படும் ஆல்காக்கள். பழஞ்சுவரில் மழைக்காலத்தில் பச்சை வெல்வெட்டுத் துணிபோல் தோன்றுவது மாஸ் என்னும் வகை. கூர்ந்து நோக்கினால் அதில் நுண்ணிய தண்டும் இலையும் தெரியும். மூன்றாவதே நம் விருந்தாளி. பாடநூல்கள் இதனை ஈரலுருத் தாவரம் என்கின்றன. நாம் சுருக்கமாக ஈரற்செடி என்போம். தண்டு, இலை என்ற பிரிவின்றித் தட்டையாக, இரண்டிரண்டாகக் கிளைத்து, மண்ணோடு ஒட்டிப் படர்வது இதன் இயல்பு. இலைபோன்ற உடலையுடைய வேறு ஈரற்செடிகளும் உண்டு. அவை தொட்டியில் வருவன அல்ல.

உடலின் வடிவம் ஈரலின் மடல்களை ஒத்திருந்தமையால் ஐரோப்பியர் பண்டைநாளில் இதற்கு இப்பெயரைச் சூட்டினர். உருவம் எதனை ஒத்திருக்கிறதோ அந்த உறுப்பின் நோயைத் தீர்க்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. நம்பிக்கை போய்விட்டது, பெயர் போகவில்லை. மார்கான்ஷியா என்ற பெயரை 1713-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தாவர அறிஞர் ழான் மார்ஷான், தம் தந்தை நிக்கொலா மார்ஷானின் நினைவாக இட்டார். நாற்றுப்பண்ணைகளில் உலகெங்கும் களையாக நிற்கும் இனத்திற்கு மார்கான்ஷியா பாலிமார்ஃபா என 1753-இல் லின்னேயஸ் பெயர் கொடுத்தார். பல வடிவம் உடையது என்பது அதன் பொருள்.

நம் நாட்டிலும் இத்தாவரங்களை ஆராய்ந்த பெரியோர் உண்டு. இலாகூர்க் கல்லூரியில் பேராசிரியராய் விளங்கிய சிவராம் காஷ்யப், மேற்கு இமயத்திலும் பஞ்சாபுச் சமவெளியிலும் உள்ள ஈரற்செடிகளைப் பற்றி 1929-இலும் 1932-இலும் இரு பகுதிகளாக நூல் வெளியிட்டார். இந்தியப் பிரயோஃபைட்டு ஆராய்ச்சியின் தந்தை என அவரைப் போற்றுவர். இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கும். உதகமண்டலத்து அரசுத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்கைவர், இந்தியாவுக்கு வருமுன் 1847-இல் பிரிட்டனின் ஈரற்செடிகளை உலர்த்திப் பெயரிட்டுக் கையடக்கமான தொகுப்பாக வெளியிட்டவர். ஒருவருக்கு ஆராய்ச்சிப் பொருளாய் இருந்தது மற்றொருவருக்குக் களையாகிறது. களை என்பது தாவரத்தின் சாதி அன்று. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து நாம் கொடுக்கும் பெயர்.

இனி, இதன் உடலமைப்பைக் காண்போம். மற்றச் செடிகளுக்கு உள்ளதுபோல் இதற்கு உண்மையான வேர் இல்லை. அடிப்பக்கத்தில் மயிர்போன்ற வேரிழைகள் உண்டு. அவை மண்ணைப் பற்றிக்கொள்வன. ஆழத்தில் உள்ள நீரை உறிஞ்சி மேலே ஏற்றும் குழாய்களும் இதற்கு இல்லை. மேற்பரப்பில் காற்றறைகளும் அவற்றிற்குச் சிறு துளைகளும் உள்ளன. ஆனால் மாமரத்தின் இலைத் துளைகள்போல் வெயில் கண்டு மூடிக்கொள்ளும் ஆற்றல் அத்துளைகளுக்கு இல்லை. இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. மண்ணின் மேற்பரப்பில் உள்ள நீரையும், மேற்பரப்பில் உள்ள உப்புச் சத்தையும் நம்பியே இது வாழ்கிறது. மேற்பரப்பு உலர்ந்தால் இதன் வளர்ச்சி தளரும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்துங்கள். பின்னால் சொல்லப்போகும் வழிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பரவும் முறை இன்னும் வியப்பானது. மார்கான்ஷியாவின் முதுகில் சிறு சிறு கிண்ணங்கள் தோன்றும். ஒவ்வொரு கிண்ணத்துள்ளும் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத பச்சை வில்லைகள் பல இருக்கும். இவற்றை ஜெம்மாக்கள் என்பர். கிண்ணத்துள் இருக்கும்வரை அவை உறங்குகின்றன. மழைத்துளியோ பூவாளியின் நீர்த்துளியோ கிண்ணத்தில் விழுந்து தெறிக்கும்பொழுது அவை வெளியே எறியப்படுகின்றன. விழுந்த இடம் ஈரமாயிருப்பின் சில நாள்களில் முளைத்துவிடுகின்றன. எந்தப் பக்கம் கீழே விழுந்தாலும் கவலையில்லை. ஒளியை நோக்கிய பக்கம் முதுகாகவும், மற்றப் பக்கம் வேரிழை விடும் வயிறாகவும் அமையும். சில வாரங்களில் அந்தக் குழந்தையின் முதுகிலும் கிண்ணம் தோன்றிவிடும்.

இஃதன்றி, ஆண் பெண் எனத் தனித்தனியே உடல்கள் உண்டு. அவற்றினின்று குடைபோன்ற சிறு தூண்கள் எழும். பெண் குடையின் விளிம்பு விரல்களாகப் பிரிந்திருக்கும். ஆண் குடை தட்டுப்போல் இருக்கும். கருவுற்ற பின் பெண் குடையினின்று நுண்ணிய வித்துகள் இலட்சக்கணக்கில் காற்றில் பறக்கும். மூன்றாவதாக, உடலின் சிறு துண்டுகூடப் புதுச்செடியாய் வளர வல்லது.

நான் செய்த மூன்று தவறுகளும் இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். கரண்டியால் கொத்தியபொழுது ஒன்றைப் பலவாக்கினேன். மண்ணின் மேல் உரம் தூவியபொழுது, ஆழத்தில் வேர்விட்ட பெகோனியாவைவிட மேற்பரப்பில் வாழும் ஈரற்செடிக்கே விருந்து வைத்தேன். குழலால் வேகமாக நீர் பாய்ச்சியபொழுது கிண்ணத்திலிருந்த ஜெம்மாக்களை அடுத்த தொட்டிகளுக்கு நானே வாரி இறைத்தேன். பகைவனை வெல்லப் போனவன், அவனுக்கு உணவும் வண்டியும் கொடுத்து அனுப்பிய கதை இது.

இதனால் என்ன கெடுதி என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுத் தொட்டியில் அழகு குன்றும்; நீர் உள்ளிறங்காது; அவ்வளவே. ஆனால் நாற்றுப்பண்ணையில் இது பிழைப்பைத் தொடும் செய்தி. விரல் உயரமே உள்ள இளநாற்றுகளை இப்போர்வை மூடி நெருக்கிவிடும். இதன் அடியில் நத்தைகளும், ஈரமண்ணில் முட்டையிடும் சிறு ஈக்களும் ஒதுங்கும். என் மாணவர் தம் அனுபவம் ஒன்றைச் சொன்னார். பெரணிச் செடித் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் கேட்டிருந்த ஒருவர், மண் மூடிக் கிடந்த பச்சையைக் கண்டு, நோய்ப்பட்ட செடி என்று சொல்லி வாங்காமல் திரும்பிவிட்டாராம். ஒவ்வொரு தொட்டியின் மேல்மண்ணையும் கையால் எடுத்துப் புதுமண் இடுவதற்கு இரு பெண்கள் பல நாள் வேலை செய்ய நேர்ந்தது. அந்தக் கூலி முழுவதும் அவருடைய இழப்பே.

இனி, அடக்கும் வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, வாயிலில் காவல். புதிதாக வாங்கிய செடியை நேரே மற்றச் செடிகளின் நடுவில் வைத்தல் கூடாது. மண்ணின் மேற்பரப்பைப் பாருங்கள். பச்சை இருப்பின் மேல்மண்ணை ஒரு விரற்கடை ஆழத்திற்கு மெல்ல வழித்தெடுத்து ஒரு பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கொத்தாதீர்கள், உடைக்காதீர்கள், உரக்குழியில் போடாதீர்கள். பழைய தொட்டிகளையும் கரண்டியையும் நன்கு கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே மீண்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, நீர். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது மேல்மண்ணை ஓயாது நனைக்கும். ஈரற்செடிக்கு அதுவே வேண்டுவது. மாறாக, விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே உலர்ந்திருந்தால் நிறைய ஊற்றுங்கள். அடித்துளை வழியே நீர் கசியும்வரை ஊற்றுங்கள். பிறகு மீண்டும் உலரும்வரை பொறுங்கள். காலையில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் மேற்பரப்பு ஈரமாய் இருக்கும். உயரத்திலிருந்து கொட்டாமல் மண்ணருகே மெதுவாக விடுங்கள். தொட்டியை நீர் தேங்கிய தட்டில் நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது, மண்கலவை. தென்னை நார்க்கழிவு நீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்ளும். அது நன்மையே, ஆயினும் அதையே நிரப்பிவிட்டால் மேற்பரப்பு உலர வழியில்லை. பருமணலும் செம்மண்ணும் அளவோடு சேர்ந்த, நீர் வடியும் கலவையே ஏற்றது. தொட்டிகளை நெருக்கி அடுக்காமல் காற்று ஓட இடம் விடுவதும் இதனோடு சேர்ந்தது.

நான்காவது, உரம். உரத்தை மேலே தூவாமல், கலவை தயாரிக்கும்பொழுதே உள்ளே கலந்துவிடுங்கள். அல்லது ஒரு குச்சியால் துளையிட்டு வேரருகே இட்டு மூடுங்கள். மேற்பரப்பில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தால் ஈரற்செடி தழைக்கும் என்பதை அமெரிக்க நாட்டு நாற்றுப்பண்ணை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஐந்தாவது வழி நமக்கு மிகவும் அண்மையில் இருப்பது. அது நெல் உமி. அதே அமெரிக்க ஆய்வாளர்கள், புழுங்கல் நெல்லின் உமியை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம்வரை தொட்டி மண்ணின் மேல் பரப்பிப் பார்த்தனர். ஈரற்செடி மிக நன்றாக அடங்கியது. காரணம் தெளிவு. உமி நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஊற்றிய நீர் கீழே இறங்கிவிட, மேலே உள்ள உமி விரைவில் உலர்ந்துவிடும். அதில் சத்தும் மிகக் குறைவு. அதன்மேல் வந்து விழும் ஜெம்மா, வறண்ட பாயில் விழுந்த மீன்போல் பிழைக்க வழியின்றிப் போகிறது. புழுங்கல் உமியே வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அவித்த நெல்லாதலின் தப்பிய நெல்மணி கலந்திருந்தாலும் முளைக்காது. களைவிதைகளும் வெப்பத்தில் அழிந்திருக்கும். கடல் கடந்த நாட்டார் ஆய்ந்து கண்ட இந்தப் பொருள், எங்களுக்கு அருகேயுள்ள செங்குன்றத்து அரிசி ஆலைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. ஆனால் உமி வேறு, தவிடு வேறு. தவிட்டை இட்டால் அது புளித்து அழுகும். மேலும், உமி வருமுன் காக்கும் போர்வையே. வளர்ந்து நிற்கும் ஈரற்செடியை முதலில் அகற்றிவிட்டுப் பிறகே உமியைப் பரப்ப வேண்டும்.

மருந்து தெளிக்கலாகாதா என்று சிலர் வினவுவர். காடியைத் தெளித்தால் ஈரற்செடி கருகும். பட்ட இடத்தில் உங்கள் செடியின் இலையும் கருகும். பெரிய பண்ணைகளில் களைக்கொல்லிகளைப் பயன்படுத்துவதுண்டு. அவற்றுள் சில, மூடிய பசுமைக்குடிலுக்குள் பயன்படுத்தினால் வளர்க்கும் செடிகளையே கெடுக்கும். அவை பயிற்சி பெற்றோர் கையாள வேண்டியவை. மாணவர்கள் தொட வேண்டா. எப்படியாயினும், மேல்மண் எப்பொழுதும் ஈரமாகவே இருக்குமானால், இன்று கருகியது நாளை மீண்டும் வரும். மருந்து செடியைக் கொல்லும். அது வந்த காரணத்தைக் கொல்லாது.

சென்னைக்கு ஒரு சலுகை உண்டு. மார்கான்ஷியா பாலிமார்ஃபா குளிர்ச்சியை விரும்புவது. முப்பது பாகை வெப்பத்தைத் தாண்டினால் அதன் நலம் குன்றும். என் தொட்டிகளிலும் சித்திரை வெயிலில் அது பழுத்துக் கருகிற்று. ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். ஐப்பசி மழையில் மீண்டும் மண்ணில் பச்சை தோன்றியது. இம்முறை நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கிண்ணம் இல்லை. சிறு ரோசாப்பூ வடிவில் வட்டமாகக் கிளைத்திருந்தது. இது ரிக்சியா என்னும் மற்றோர் ஈரற்செடி. நம் சமவெளிக்கே உரியது. இதன் வித்துகள் உடலுக்குள்ளேயே புதைந்திருந்து, உடல் மக்கியபின் மண்ணில் தங்கிக் கோடையைக் கடந்து மழைக்குக் காத்திருக்கும். வந்தவர் வேறு, ஆயினும் இருவரும் தேடியது ஈரமான மேல்மண்ணையே. ஆகவே இருவருக்கும் வைத்தியம் ஒன்றே.

மாணவர்களே, கேட்டதை நம்பிவிடாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஈரற்செடி உள்ள தொட்டி கிடைத்தால், அதனைச் சுற்றி வெள்ளைத்தாளை விரித்து, ஓரடி உயரத்திலிருந்து கிண்ணங்களின்மேல் நீர்த்துளிகளை விடுங்கள். தாளில் தெறித்த பச்சைப் புள்ளிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எண்ணுங்கள். எவ்வளவு தொலைவு சென்றன என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு ஒரே மண்கலவை இட்ட நான்கு தொட்டிகளை ஒரே நிழலில் வையுங்கள். நான்கிலும் ஜெம்மாக்களை இடுங்கள். முதல் தொட்டிக்கு நாள்தோறும் சிறிது நீர் தெளியுங்கள், அதுவே ஒப்பீட்டுக்குரியது. இரண்டாவதற்கு மேல்மண் உலர்ந்தபின் மட்டும் நீர் விடுங்கள். மூன்றாவதை முதலாவதைப் போலவே நடத்தி, மேலே உரம் மட்டும் தூவுங்கள். நான்காவதையும் முதலாவதைப் போலவே நடத்தி, ஜெம்மாக்களை இடுமுன் உமியைப் பரப்புங்கள். ஆறு வாரம் குறிப்பெழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே ஆராய்ச்சியின் முதல் பாடம். மூன்றை ஒருங்கே செய்து எதனால் கெட்டது என்று அறியாமல் விழித்த ஓர் ஆசிரியரை நீங்கள் அறிவீர்கள்.

ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரை விட்டு நிலத்தில் குடியேறிய முதல் தாவரங்களுக்கு நெருங்கிய உறவினர் என்று ஈரற்செடிகளைக் கருதுகின்றனர். மார்கான்ஷியாவின் பசுங்கணிகத்து மரபுச் செய்தி 1986-இல் ஜப்பானிய அறிஞர்களால் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதன் முழு மரபுத் தொகுதியும் 2017-இல் வெளியாயிற்று. நிலத் தாவரங்களின் வரலாற்றை அறிய அறிஞர்கள் அதனைப் பேணி வளர்க்கின்றனர். ஆதலின் நானும் ஒரு சிறு தொட்டியில் அதனைத் தனியே, மற்றவற்றுக்குத் தெறிக்காத தொலைவில், விட்டு வைத்திருக்கிறேன். முற்றத்துக்கு வரும் அண்டைவீட்டுச் சிறுவர்களுக்கு அந்தக் கிண்ணங்களைக் காட்டுகிறேன். படத்தில் அல்ல, உயிரோடு.

யானை நுழைந்த வாயிலில் காவலர் நின்றிருப்பர். யானையைக் காணாமல் இருப்பது அரிது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பச்சை வில்லையைக் காண்பதற்குக் குனிந்து நோக்கும் கண் வேண்டும். அக்கண்ணை எனக்குத் தந்தவர் என் மாணவர். அதனை உங்களுக்குத் தர முயன்றதே இன்றைய என் பேச்சு.